என் வீட்டுக்காரர் சட்டசபையில் நின்றது

எங்கள் ஊர் ஆந்திராவுக்குள், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. வீட்டில் தமிழ், கடைவீதியில் தெலுங்கு. அங்கேதான் என் வீட்டுக்காரர் ரொம்ப வருஷம் வக்கீலாக இருந்தார். பெரிய கேஸெல்லாம் இல்லை. வரப்புத் தகராறு, ஜீவனாம்சம், பஸ் மோதினதற்கு நஷ்டஈடு. ஆனால் கேஸ் கொடுத்தவனை நடுவழியில் விட்டவர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. அந்தப் பேருக்குத்தான் ஜனங்கள் ஓட்டுப் போட்டு எம்.எல்.ஏ. ஆக்கினார்கள்.

ஓட்டுக் கேட்கப் போனபோது பெண்கள் கேட்டது ஒன்றே ஒன்று. எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு ஒரு லேடி டாக்டர். அந்த இடம் காலியாகவே கிடந்தது. வலி கண்டவளைப் பஸ்ஸில் ஏற்றிப் பக்கத்து டவுனுக்குக் கொண்டுபோக வேண்டும். வழியிலேயே பெற்றவர்களும் உண்டு, பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் உண்டு. சட்டசபையில் கேட்டு வாங்கித் தருகிறேன் என்றார் இவர். பக்கத்தில் நின்று நானும் கும்பிட்டேன். அதனால் அந்த வாக்கு என்னுடையதும்தான்.

அன்றைய தலைநகரம் ஹைதராபாத்தில் எம்.எல்.ஏ. குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தோம். அப்போது ஊரெல்லாம் கம்ப்யூட்டர் பேச்சு, சபையிலும் அதேதான். டிவியில் பார்க்கும்போதெல்லாம் இவர் சும்மா உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்து எதிர்வீட்டுக்காரி போன் போட்டாள்.

"இன்னாக்கா, கோர்ட்டுல அப்டிப் பேசற மனுசன் அங்க போயி ஊமையாயிட்டாரா? இல்ல, ஏசி காத்துல தூங்கிட்டாரா?"

எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரிடமே கேட்டுவிட்டேன்.

"என்னடி பண்றது? எதிர் வக்கீல் உக்காந்தப்புறம் எழுந்திருச்சே பழக்கமாயிடுச்சு. இங்க ஒருத்தனும் உக்காரமாட்டேங்கறான்."

மறுநாள் பாஸ் வாங்கிக்கொண்டு நானே பார்க்கப் போனேன். துணைக்குச் செகந்திராபாத் சிநேகிதி வந்தாள். வெள்ளைக்காரன் காலத்திலேயே அங்கே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் அவளுடையது. மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தோம். கீழே ஒரே கூச்சல். பாதிப்பேர் சபாநாயகர் முன்னால் போய்க் காகிதம் கிழித்து வீசினார்கள். இவர் தன் இடத்திலேயே எழுந்து நின்றார். வாய் திறக்கவில்லை. நீதிபதி முன்னால் நிற்பதுபோல், கையில் ஒரு தாள், தலை நேராக.

"அரே, இப்டி நின்னா யாரு பாப்பாங்க? கத்தச் சொல்லுங்கக்கா!"

"நக்கோ" என்று, வேண்டாம் என்பதற்கு அவள் சொல்லும் ஹைதராபாத் பாஷையிலேயே அவளை அடக்கினேன்.

சபையை ஒத்திவைத்தார்கள். திரும்பக் கூடினதும் திரும்ப நின்றார். அடுத்த நாளும் நின்றார், நாங்களும் போய் உட்கார்ந்தோம். மூன்றாம் நாள் சபாநாயகருக்கே பொறுக்கவில்லை. அந்த மெம்பர் எதற்கு நின்றுகொண்டே இருக்கிறார், அவர் பேசட்டும் என்றார். இவர் கேஸ் நடத்துவது போலத் தெலுங்கில் சொன்னார். எந்தப் பெண், எந்தப் பஸ், எந்த இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள், பிள்ளை என்ன ஆயிற்று. கத்தினவர்கள்கூட அடங்கிவிட்டார்கள். மந்திரி எழுந்து, டாக்டரைப் போடுகிறேன் என்றார். சிநேகிதி என் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். வலிக்கவே இல்லை.

ஆர்டர் வந்தது. ஆனால் டாக்டர் ஊருக்குப் போகவில்லை, எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். சின்னப்பெண். புருஷனுக்கு இங்கே சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, ஆர்டரை ரத்துசெய்யச் சொல்லிச் சிபாரிசு செய்யுங்கள் என்று கண் கலங்கினாள். அப்படிக் கேட்பதும் செய்வதும் அங்கே சகஜம். இவர் அவளுக்குக் காபி கொடுக்கச் சொல்லிவிட்டுத் தன்மையாகப் பேசினார்.

"நீ வரணும்னுதாம்மா அங்க அப்படி நின்னேன். ஒரு வருஷம் போய் இரு. அப்புறம் எந்த ஊர் வேணுமோ சொல்லு, உனக்காகவும் போய் நிக்கறேன்."

அவள் காபியைத் தொடாமல் எழுந்து போனாள். சிபாரிசுக்கு வேறு யாரிடம் போகிறாளோ என்று எனக்குப் பயம்தான்.

கொஞ்ச நாள் கழித்து ஊருக்குப் போனபோது நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் செருப்பு விட இடமில்லை. நானும் வரிசையில் உட்கார்ந்தேன். உள்ளே அதே பெண்தான்.

"உடம்புக்கு என்ன?" என்று தெலுங்கில் கேட்டாள், நிமிராமலே.

"ஒண்ணுமில்லம்மா. சும்மா உன்னைப் பாக்க வந்தேன்."

அப்போதுதான் அடையாளம் தெரிந்து, பெரியம்மா என்று தெலுங்கில் உறவு வைத்துச் சிரித்தாள். "ஒண்ணுமில்லன்னா எழுந்திருங்க பெத்தம்மா. வெளிய எத்தனை பேரு பாருங்க!"

எம்.எல்.ஏ. வீட்டம்மா என்று ஒரு நிமிஷம்கூடக் கூடுதலாகத் தரவில்லை அவள். நெஞ்சு நிறைந்து எழுந்து, மாசமாயிருந்த ஒருத்திக்கு ஸ்டூலை விட்டுக்கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.