இருபது கேஜும் என் தம்பியும்

துப்பாக்கித் தொழிலில் கேஜ் எண் கூடக் கூடக் குழலின் துளை சின்னதாகும். எங்கள் வீட்டில் படிப்பு கூடக் கூட என் இடம் சின்னதாகிற மாதிரி. மலேசியாவில், சிரம்பானில் அப்பாவுக்குத் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடை. நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு. விடுமுறையானால் கவுண்டரில் நிற்பேன். தம்பி தினேஷ் படிப்பது வணிகம், ஆனால் பட்டறை மேசையில் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலி அவனுக்கு. அந்த மேசையில் அப்பாவைத் தவிர ஒருவருக்குத்தான் இடம். உங்கள் வீட்டிலும் ஒரு தினேஷ் இருந்தால் மேலே படியுங்கள்.

எண் பெருசு

லாபு தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஒருவர் பன்னிரண்டு கேஜ் துப்பாக்கியோடு வந்தார். "இத இருபதாக்கிக் குடு பாப்பா. பன்னி பெருசு பெருசா வருது" என்றார்.

நான் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால், ஓர் உருண்டை நுழைகிற துளை பன்னிரண்டு கேஜ். இருபதாக்கினால் உருண்டை சின்னது, துளையும் சின்னது. காகிதத்தில் படமே போட்டுக் காட்டினேன். மண்டோர் என் தலைக்கு மேல் தம்பியைத் தேடினார். அவன் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சின்னதாயிடும் அங்கள்" என்றான்.

"அப்படி வெளக்கமா சொல்லு தம்பி. இப்பதான் புரியுது."

தோள்வலி

அடுத்து வந்தவர் தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி. டுரியான் மரங்களில் குரங்குத் தொல்லை. பன்னிரண்டு கேஜ் உதைக்கிற உதையில் தோள் வீங்கிப்போகிறதாம். இவருக்கு மாற்றுவதில் நியாயம் உண்டு. உரிமத்தில் இரண்டு கேஜும் ஏறி வந்த பிறகு, பழைய குழலுக்குள் இருபது கேஜ் உள்குழாய் ஒன்றைச் செருகினால் போதும். உதை குறையும், வேண்டாதபோது கழற்றியும் வைக்கலாம்.

உள்குழாய் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும். அளவுக்கருவி பிடிக்கப் பல்கலைக்கழகத்தில் எனக்குக் கற்றுத்தந்திருக்கிறார்கள். அப்பா அதைத் தினேஷ் கையில் கொடுத்தார். அவன் தலைகீழாகப் பிடித்தான். என் கையில் டார்ச்லைட். அவன் விரலில் எண்ணெய் படுவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. "நான் செஞ்சா என்னப்பா?" என்று தொடங்கி, காரணங்களை ஒன்று, இரண்டு என்று அடுக்கினேன். அப்பா டார்ச்சை என் கையோடு சேர்த்துத் திருப்பி, வெளிச்சத்தைச் சரிசெய்தார்.

"நீ நல்லா பேசுறம்மா. நல்லா பேசுறவங்க கவுண்டர்லதான் இருக்கணும்."

மஞ்சள் தோட்டா

சில வாரங்களில் கிராணி திரும்பி வந்தார். கிளிக் என்கிறது, வெடிக்கவில்லையாம். அப்பா கடையில் இல்லை. தினேஷ் துப்பாக்கியை மடக்கித் திறந்தான். தோட்டா அறை காலி. "போட மறந்திருப்பீங்க அங்கள். புதுசா போட்டுப் பாருங்க" என்று சிவப்புத் தோட்டாப் பெட்டியை நீட்டினான். சிவப்பு பன்னிரண்டு கேஜ், இருபதுக்கு மஞ்சள்.

"உள்குழாய் எங்க அங்கள்?" என்று கேட்டேன். பன்றி வந்ததாம், கழற்றிவிட்டாராம். சட்டைப்பையில் என்ன தோட்டா என்றேன். இரண்டும்தான் என்றார். துப்பாக்கியை வாங்கிக் குழலைச் சன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் வரவில்லை. அவசரத்தில் போட்ட மஞ்சள் தோட்டா நழுவி, தோட்டா அறையைத் தாண்டிக் குழல் குறுகும் இடத்தில் சிக்கியிருந்தது. அதன் பின்னால் சிவப்பைப் போட்டுச் சுட்டிருந்தால் குழல் அவர் முகத்துக்கு நேரே வெடித்திருக்கும். தினேஷ் பெட்டியை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டான்.

சிக்கியதை அப்பா வந்துதான் எடுத்தார். நடந்ததைக் கேட்டதும் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கிராணியோ தினேஷ் முதுகைத் தட்டினார்.

"பரவால்ல லா, அக்காவுக்கு நல்லா சொல்லிக் குடுத்து வச்சிருக்க."

மேசை

மறுநாள் மேசையில் அப்பா பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. "இனிமே இங்க உக்காரு" என்றார். அளவுக்கருவியை அவரே துடைத்து என் முன் வைத்தார். வாதாட வைத்திருந்த காரணங்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஒரு மணி நேரம் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். பிறகு கவுண்டருக்குப் போய், கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தவன் எதிரே, எண்ணெய்க் கையை வேண்டுமென்றே துடைத்தேன். அவன் நிமிர்ந்து சந்தோஷமாகச் சிரித்தான்.

"நல்லதாப் போச்சுக்கா. அந்த நாற்காலியில நீயே இருக்கியான்னு காலையில அப்பா என்னத்தான் மொதல்ல கேட்டாரு, எனக்கு வேணாம்னுட்டேன்."

ஆக, நான் மூன்று வருஷமாகப் பொறாமைப்பட்ட நாற்காலி கிடைத்துவிட்டது, அதை அவ்வளவு லேசாக வேண்டாமென்று சொல்ல முடிந்தவன் மேல்தான் இப்போது பொறாமை.