கடைசியில் வரும் வேல்

செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் போகும் காட்டுச் சாலையில் இப்போதுதான் இருட்டியிருக்கிறது. தெருவிளக்கு கிடையாது. என் சைக்கிளுக்குப் பின்விளக்கும் கிடையாது.

பின்னாலிருந்து ஒரு லாரியின் வெளிச்சம் விழுகிறது. எனக்குச் சற்று முன்னால், ஆள் உயரத்துக்கும் மேலே, ஒரு வேல் செக்கச்செவேலென்று பற்றி எரிகிறது. கண் கூசுவதில் அதைப் பிடித்திருக்கும் கை தெரியவில்லை. வேல் மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. லாரி வேகம் குறைந்து, சாலையோரத்தை விட்டு நன்றாக ஒதுங்கிப் போகிறது.

கிட்டே போனால், மறைமலைநகரிலிருந்து கிருத்திகைக்கு நடந்து வரும் கூட்டம். மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெண் கடைசி ஆளாக வேலைத் தூக்கி வருகிறார். அதன் இலை முழுக்கச் சிவப்பு ரேடியம் ஸ்டிக்கர்.

“வேல் முன்னாடிதானே போகும்?” என்று கேட்கிறேன்.

“முன்னாடிதான் போய்கினு இருந்துச்சு. வண்டி பின்னாலேந்து இல்ல வருது? அதான் முருகனையே கடைசியா வரச் சொல்லிட்டோம்.” என் சைக்கிளைப் பார்க்கிறார். “இன்னா அண்ணாத்த, பின்னாடி ஒண்ணுமே இல்ல? அந்த லாரிக்காரன் வேலைப் பாத்துதான் ஒதுங்குனான். நீ இருந்ததே அவனுக்குத் தெரியாது. எறங்கி வேலுக்கு முன்னாடி நட.”

இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட்டத்துக்குள் போகிறேன். அடுத்த வண்டியின் வெளிச்சத்தில் எல்லார் நிழலோடும் என் நிழலும் சாலையில் நீண்டு விழுகிறது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் முருகன் எரிந்துகொண்டு வருகிறார்.