காற்றுப் போகிற ஜாக்கெட்

சைக்கிளுக்கு மழை ஜாக்கெட் வாங்கப் போனபோது, பதுளைக் கடைக்காரர் மெல்லியதாக ஒன்றைக் காட்டினார்.

“இதுல காத்து போகுங்க, தண்ணி போகாது. மிதிக்கிறப்ப வேர்க்காது.”

“காத்து போற ஓட்டையில தண்ணி போகாதா?” என்று சிரித்துவிட்டு, தடித்த றப்பர் ஜாக்கெட்டையே எடுத்தேன்.

எங்கள் தோட்டத்து லய வீடுகளோடு அம்மாவையும் மண்சரிவு கொண்டுபோன பிறகு, தெமோதரையில் சித்தியிடம் மட்டும் அம்மாவின் படம் ஒன்று மிஞ்சியிருந்தது. தங்கச்சியின் கல்யாணத்துக்கு முந்தின நாள் அதை வாங்கப் போனேன். படத்தைப் பெரிதாக்கி மணவறையில் வைக்க அவள் கேட்டிருந்தாள். கொட்டும் மழையில் பஸ் ஓடவில்லை. படத்தை ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு பதுளைக்கு மிதித்தேன். ஒரு சொட்டு மழையும் உள்ளே வரவில்லை. ஏற்றங்களில் என் வேர்வைதான் உள்ளே வழிந்துகொண்டிருந்தது.

ஸ்டூடியோவில் ஜிப்பைத் திறந்தபோது படம் றப்பரில் ஒட்டியிருந்தது.

“இழுக்காதீங்க!” என்று ஸ்டூடியோக்காரர் கத்தினார்.

அதற்குள் இழுத்துவிட்டேன். கையில் வந்தது வெறும் வெள்ளைத்தாள். அம்மாவின் முகம் ஜாக்கெட்டின் உட்புறத்தில் திட்டுத் திட்டாக ஒட்டிக் கிடந்தது.

மறுநாள் தங்கச்சி அந்த ஜாக்கெட்டையே மணவறையில் விரிக்கச் சொன்னாள்.

“அம்மா இதுலதானே அண்ணே இருக்காங்க.”

அதற்குப் பிறகு நான் ஜாக்கெட் வாங்கவில்லை. மழை பெய்தால் நனைந்துகொண்டே மிதிக்கிறேன்.