மிரியம் பார்க்க வந்த வீடு

யாங்கோனில் வீட்டு மணி கதவருகே இருக்காது, தெருவில் தொங்கும். பசுந்தாங் என்ற பகுதியில் நாங்கள் குடியிருப்பது நான்காம் மாடி. முன்மாடத்துக் கம்பியிலிருந்து ஒரு கயிறு தெருவரைக்கும் இறங்குகிறது. கீழ்முனையில் ஒரு கிளிப், மேல்முனையில் சின்ன மணி. செய்தித்தாள்காரர் தாளைக் கிளிப்பில் மாட்டி ஓர் இழுப்பு இழுத்துவிட்டுப் போய்விடுவார். நான் கயிற்றைச் சுருட்டி மேலே எடுத்துக்கொள்வேன். தூத்துக்குடியில் என் தெருவில் கீரைக்காரம்மா கூப்பிட்டால் எதிர்வரிசை வீடுகளில்கூட எட்டிப் பார்ப்பார்கள். இங்கே முகம் பாராமலே பாதிக் காரியம் முடிந்துவிடுகிறது. வந்த முதல் வருடம் அது எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது. பதினோரு வருடத்தில் கயிற்றின் இழுப்பை வைத்தே ஆளைச் சொல்லப் பழகிவிட்டேன்.

சுற்றுலாக்காரர்கள் நிறைய வந்துகொண்டிருந்த அந்தக் குளிர்காலத்தில், ஒரு காலை மணி மூன்று முறை அடித்தது. மூன்று என்றால் மா சூ. சுற்றுலா நிறுவனத்தில் வேலை பார்க்கும் பர்மியப் பெண். பெண்களின் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ‘மா’ சேர்ப்பது இந்த ஊர் வழக்கம். நானும் இங்கே மா செல்விதான். என் கணவருக்கு உளுந்து ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் வேலை. நான் அலுவலகங்களுக்குச் சைவச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறேன். அன்று கிளிப்பில் வந்தது ஒரு பட்டியல். பதினாறு பிள்ளைகள், எல்லோருக்கும் பதினாறு, பதினேழு வயது. யூதர்கள். பாக்தாத்திலிருந்து கல்கத்தா வழியாக, அப்போது ரங்கூன் என்றிருந்த இந்த ஊருக்கு வந்து வாணிபம் செய்து, ஜப்பான் சண்டையின்போது வெளியேறிய குடும்பங்களின் வாரிசுகள். முன்னோர் வாழ்ந்த இடங்களைப் பார்க்க வருகிறார்கள். நான்கு நாள் மதியச் சாப்பாடு என் பொறுப்பு. பாத்திரம் எல்லாம் புதிதாக இருக்க வேண்டும். அரிசியில், கீரையில் பூச்சி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அடுப்பைக் குழுத் தலைவர்தான் பற்றவைப்பார்.

குழுத் தலைவர் யோனா, தலையில் குல்லா வைத்த இளைஞர், விடியற்காலையிலேயே மாடியேறி வந்து அடுப்பைக் கேட்டார். எரிவாயுவுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து, “பயமில்லை, புது சிலிண்டர்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். “பயமில்லை, நான் பற்றவைக்க வேண்டும்” என்றார். “பதினோரு வருடமாக நான்தான் பற்றவைக்கிறேன்” என்று நானும் விடவில்லை. கடைசியில், அது அவர்கள் வேதம் சொல்லும் முறை என்று பொறுமையாக விளக்கினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருமணமான புதிதில், குளிக்காமல் அடுப்பங்கரைக்குள் நுழைந்ததற்கு என் மாமியார் என்னை ஒருநாள் முழுக்க வெளியே உட்கார வைத்திருந்தார். இந்தப் பையனுக்கு என்ன தெரியும், நான் எப்பேர்ப்பட்ட பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்று? தீக்குச்சியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கீரை ஆயப் போனேன்.

மூன்றாம் நாள், தாமுவே பக்கத்துப் பழைய யூத இடுகாட்டைப் பார்த்துவிட்டுச் சாப்பிட வந்தார்கள். எல்லோரும் சாப்பிட, ஒரு பெண் மட்டும் தட்டைத் தொடாமல் என்னிடம் ஒரு புகைப்படத்தை நீட்டினாள். மிரியம் என்று பெயர். அவளுடைய பூட்டி சிறுமியாக ஒரு மாடத்தில் நிற்கிற படம். பின்பக்கம் தெருப்பெயரும் கதவு எண்ணும். மாடத்தின் இரும்பு வேலைப்பாட்டில் இரண்டு மயில்கள். அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, யூசுப் காக்கா வீடு. தரைத்தளத்தில் குடைக்கடை, மேலே குடித்தனம். அவர் தாத்தா காயல்பட்டினத்திலிருந்து வந்தவர். அந்த ஊர் வழக்கப்படி அவரை அண்ணன் முறைக்குக் காக்கா என்றும், அவர் மனைவி ஜுபைதாவை அக்கா முறைக்கு லாத்தா என்றும் கூப்பிடுவேன்.

லாத்தாவிடம் போய்க் கேட்டேன். “ஒரு புள்ள வந்து பார்த்துட்டுப் போறதுக்கு என்ன? கூட்டியா” என்றார். ஒரு புள்ள என்றுதான் சொன்னேன். மறுநாள் காலை அந்தத் தெருவில் நின்றவர்கள் யோனாவும் மா சூவும் சேர்த்துப் பதினெட்டுப் பேர். மிரியமைத் தனியாக விட யாருக்கும் மனமில்லை. ஒருவன் கதவு எண்ணைப் படமெடுத்தான். இன்னொருத்தி பழைய புகைப்படத்தைத் தூக்கிப் பிடித்து மயில்களோடு ஒப்பிட்டாள். யூசுப் காக்கா கடையிலிருந்து வெளியே வந்து பார்த்தார். உள்ளே போய், மாடிப்படியின் கம்பிக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

கம்பிக்கதவுக்கு வெளியே நான் நின்றேன். “காக்கா, என்னாச்சு?”

“நீ ஊர்க்காரின்னு நம்பினேனே தங்கச்சி. வீட்டக் கேட்டு வர்றவங்கள நீயே கூட்டியாந்துட்டியே.”

“வீட்டக் கேக்கல காக்கா. பார்க்கத்தான் வந்திருக்காங்க.”

“பார்க்கறதுக்கு எதுக்குப் படம், நம்பரு? எங்க வாப்பா கடைய அப்படித்தான் சர்க்கார் ஆளுங்க ஒருநாள் காலைல காயிதத்தோட வந்து பூட்டுனாங்க. இந்த வீட்ட வாப்பா யாருகிட்ட வாங்குனாங்கன்னுகூட எனக்குத் தெரியாது. நான் எதக் காட்டுவேன்?”

அவர் குரல் உயர்ந்திருந்தது. பின்னால் பிள்ளைகள் ஒருவரோடொருவர் நெருங்கி நின்றார்கள். யோனா என்னருகே வந்து, “போய்விடலாம். நாங்கள் யார் என்று தெரிந்துகொண்டார், அதனால்தான் கோபம்” என்றார் மெதுவாக. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் வீடு பறிபோகும் என்று நடுங்குகிறார். இந்தப் பக்கம் பிள்ளைகள் தங்களை வெறுக்கிறார் என்று நடுங்குகிறார்கள். காக்காவின் தமிழும் பிள்ளைகளின் ஆங்கிலமும் புரிகிறவள் அங்கே நான் ஒருத்திதான். வாழ்க்கையில் நான் இவ்வளவு தேவைப்பட்ட நேரம் வேறில்லை என்று அந்தக் கணத்தில் தோன்றியது, பயம் போய்விட்டது.

“நீங்கள் யார் என்பதல்ல அவருக்குப் பிரச்சினை” என்றேன் யோனாவிடம். “வீடு உங்களுடையது என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயப்படுகிறார்.”

காக்காவிடம் திரும்பி, “என்ன செஞ்சா நம்புவீங்க?” என்றேன்.

“எழுதித் தரச் சொல்லு.”

மிரியம் நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். எடுத்தவள் எழுதவில்லை. “என்னுடையதாக இருந்ததே இல்லை என்று எழுத வேண்டுமா?” என்று கேட்டாள். “அது பொய். பூட்டி சாகும்வரை இந்த மாடத்தைப் பற்றிப் பேசினாள்.” அப்படியே காக்காவுக்குச் சொன்னேன். காக்கா கம்பிக்கதவருகே வந்தார். “பொய் எழுத வேணாம். உள்ளத எழுதட்டும்.”

அவள் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்: இது எங்கள் வீடாக இருந்தது. இப்போது உங்கள் வீடு. பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தேன். கீழே நான் தமிழில் எழுதினேன். காக்கா அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு, “பேசத்தான் வரும் தங்கச்சி, படிக்க வராது” என்றார். மா சூ பேனாவை வாங்கி மூன்றாவதாகப் பர்மியத்தில் எழுதினாள். அதைப் படித்ததும் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தாழ்ப்பாளை நீக்கினார். “பேரென்ன தமீ?” என்றார். தமீ என்றால் பர்மியத்தில் மகள். நான் ஆங்கிலத்தில் கேட்க, அவள் சொன்னாள். “மரியம்! எங்க மூத்தவ பேரு” என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்.

மேலே, வீட்டு வாசல்நிலையின் வலப்பக்கம், சாய்வாக இரண்டு ஆணித் துளைகள் இருந்தன. மிரியம் அதைத் தொட்டபடி நின்றுவிட்டாள். அவர்கள் வேத வரிகளை எழுதி ஒரு சிறு கூட்டில் வைத்து வாசலில் அறைவார்களாம்; அது இருந்த இடம். லாத்தாவுக்குச் சொன்னேன். “அதுவா? எத்தன தடவ சுண்ணாம்பு வச்சு அடைச்சாலும் உதிர்ந்துரும். சரி கெடக்கட்டும்னு விட்டுட்டேன்” என்றவர், கதவுக்கு மேலே தாங்கள் ஒட்டியிருந்த குர்ஆன் வசனத்தைக் காட்டினார். “நாங்களும் வாசல்லதான் வச்சிருக்கோம்.” மிரியம் மாடத்துக்குப் போய் மயில்களுக்கு நடுவே நின்று அழுதாள். பிறகு கீழே நின்ற தோழிகளைப் பார்த்துச் சிரித்தாள். பதினெட்டுப் பேருக்கும் தேநீர் கொடுத்த பிறகுதான் காக்கா விட்டார். அதற்காக அவரே பாத்திரக் கடைக்குப் போய்ப் புதுக் குவளைகள் வாங்கி வந்தார். பாத்திரம் புதிதாக இருக்க வேண்டும் என்ற அவர்கள் முறையை நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன்.

அவர்கள் ஊர் திரும்பிய மறுவாரம் நான் தாமுவேக்குப் பேருந்து ஏறினேன். என் அப்பா அங்கே பிறந்தவர். பர்மாவிலிருந்து நம்மவர்களைக் கப்பலேற்றிய காலத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகத் தூத்துக்குடிக்கு வந்தவர். நான் இங்கே வருகிறேன் என்றதும் தெருவை வரைந்தே கொடுத்தார். பதினோரு வருடமாக வேலையைச் சாக்குச் சொல்லிப் போகாமல் இருந்தேன். யார் வீட்டுக் கதவின் முன்னாலும் போய் நின்று, யாருக்கும் பயத்தைக் கொடுக்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

அங்கே கதவே இல்லை. மரவீடு இருந்த இடத்தில் எட்டு மாடிக் கட்டடம். அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். கீழ்வீட்டிலிருந்து ஒரு பர்மிய அம்மா வந்து, “வாடகைக்கு வீடு பார்க்க வந்தீர்களா?” என்றார். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். “ஆமாம்” என்று வந்தது. சாவியோடு என்னை மூன்றாம் மாடிக்குக் கூட்டிப்போனார். ஒரே அறை, ஒரு சமையல் மேடை, ஒரு ஜன்னல். “குடும்பத்தில் எத்தனை பேர்?” என்றார். நானும் என் கணவரும் இரண்டு பேர். ஆனால் இந்த மனையிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தவர்கள் எட்டுப் பேர் என்று அப்பா விரல்விட்டு எண்ணிச் சொன்னது நினைவில் வந்து நின்றது.

“எட்டுப் பேர்” என்றேன்.

அந்த அம்மா அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, எனக்காக உண்மையாகவே வருந்தினார்.

“எட்டுப் பேருக்கு இடம் பத்தாதேம்மா.”