பார்த்தவன் வரமாட்டான்

ட்ரில் சுவரைத் துளைத்துக்கொண்டு முன்னறைக்குள் வந்தபோது, பூச்சு உடைந்து கதிரையில் மடித்துவைத்திருந்த வேட்டியில் கொட்டியது. அருந்ததி ஓடிப்போய் வேட்டியை எடுத்துப் பல்கனியில் உதறினாள். உதறிய கையோடு ஒழுங்கையை எட்டிப் பார்த்தாள். ஓட்டோ எதுவும் வரவில்லை.

“பயப்படாதீங்க ஆன்ட்டி, சார் வாறதுக்குள்ள முடிஞ்சிடும்,” என்றாள் மஸாஹிரா. “களுபோவில ஆஸ்பத்திரிக்கு சீனி வருத்தக் கிளினிக் போன ஆக்கள் பகல் சாப்பாட்டுக்கு முந்தி வந்த சரித்திரம் இல்ல. எங்கட வாப்பாவ நான்தானே கூட்டிட்டுப் போறது.”

மஸாஹிரா கிராண்ட்பாஸிலிருந்து பஸ்ஸேறி வந்து, வெள்ளவத்தை சுப்பர்மார்க்கெட் வாசலில் குடை நட்டு, இன்டர்நெட் இணைப்பு விற்கிறவள். மூன்று மாதமாக அருந்ததியின் பின்னால் திரிந்தாள். வெங்காயம் வாங்கப் போனால், “ஆன்ட்டி, பேரப்பிள்ளைய எப்ப பாக்கப் போறீங்க?” என்பாள். மீன் வாங்கப் போனாலும் அதுதான். போன கிழமை கடைசி அம்பை விட்டாள். “உங்கட ஒழுங்கைப் போஸ்ட்டில இன்னும் ஒரே ஒரு லைனுக்குத்தான் இடம் மிச்சம். அதையும் வேற வீடு எடுத்திட்டா, பிறகு எப்ப கிடைக்கும் எண்டு எனக்கே தெரியாது.” அருந்ததி அந்த இடத்திலேயே, வெண்டிக்காய்ப் பையைக் காலடியில் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

கம்பி இழுக்க வந்தவன் பிளக் எங்கே என்று சிங்களத்தில் கேட்டான். வெள்ளைப் பெட்டியொன்றைச் சுவரில் மாட்டினான். அதில் பச்சை வெளிச்சம் வந்தது. மகன் சயந்தன் போனமுறை கனடாவிலிருந்து வந்தபோது கொடுத்த போன் அலுமாரிக்குள் பெட்டி உடைக்காமல் கிடந்தது. மஸாஹிரா அதைப் பிரித்து, எதை எங்கே அமத்துவது என்று சொல்லிக்கொடுத்தாள்.

“இனி மகன் உங்கட கைக்குள்ள ஆன்ட்டி.”

இந்த வீட்டுக்கு இன்டர்நெட் வராமல் தடுத்துவைத்திருந்தவர் அவளுடைய புருசன் நவரத்தினம். அவரிடம் காசில்லாமலில்லை, போனைக் கண்டு பயமுமில்லை. அவர் முப்பது வருசம் துறைமுகத்தில் வாப் கிளார்க். ஊரவன் இறக்குமதி செய்த பெட்டிகளைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தவர். அந்தத் தொழிலில் அவர் படித்த பாடம் ஒன்றுதான். “கடதாசி வடிவா இருந்தா, பெட்டியைத் திறந்து பாக்க ஒருத்தனும் எழும்பி வரமாட்டான். கடதாசியில ஒரு சந்தேகத்தை வை. வெய்யிலுக்கை நடந்து வருவான்.”

பிள்ளைகளும் அப்படித்தான் என்பது அவருடைய முடிவு. மேல்மாடிச் சிவக்கொழுந்து ரீச்சருக்கு நாலு பிள்ளைகள், நாலு நாடு. கொரோனாக் காலத்தில் நாலு பேரும் சேர்ந்து தாய்க்கு இணைப்பு எடுத்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றுகூட வந்து எட்டிப் பார்க்கவில்லை. ரீச்சர் போனைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்துவிட்டு அதற்கு முன்னால் இருந்து சாப்பிட்டா.

“நாலு பெத்துப்போட்டு ஒரு கண்ணாடித் துண்டோட கதைக்கிறா,” என்பார் நவரத்தினம்.

ரீச்சர் விட்டுக்கொடுக்கவில்லை. படியில் அருந்ததியைக் கண்டால், “உம்மட மனுசன் பிள்ளையைப் பட்டினி போட்டெல்லோ வரவழைக்கிறார்,” என்பா.

பட்டினியோ பசியோ, சயந்தன் கனடாவிலிருந்து வந்துகொண்டிருந்தான். லேன்லைனில் தகப்பன் மூச்சுவாங்கிக் கதைப்பார். தாய்க்குக் காது கேட்காததுபோல இருக்கும். என்ன ஏதென்று தெரியாமல் அவதிப்பட்டு, மூன்று வருசத்துக்கு ஒருக்கா டிக்கெட் போட்டு வருவான். வந்து ஏசுவான். குழாய் ஒழுகுகிறது என்று ஏசுவான், வைஃபை இல்லை என்று ஏசுவான், நுளம்புக்கும் ஏசுவான். ஏசுவதற்காவது வந்தான்.

இந்த ஓகஸ்டில் மனைவியோடும் மகன் சின்னவனோடும் வருவதாக இருந்தது. டிக்கெட் எடுத்தாயிற்று. சின்னவனுக்கு நாலு வயது. அப்பப்பாவும் அப்பம்மாவும் அவனைப் படத்தில்தான் கண்டிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து சயந்தன் லேன்லைனில் தாயிடம் ஒன்று சொன்னான்.

“அம்மா, அவனுக்கு உங்களைத் தெரியாது. திடீரெண்டு ரெண்டு கிழடுகளைக் கண்டா கத்துவான். ஒரு மாசம் வீடியோவில முகம் பழகினாத்தான் மடியில வருவான்.”

மடியில் வராமல் கத்துகிற பேரனை அருந்ததியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வெண்டிக்காய்ப் பையைக் கீழே வைத்தது அதனால்தான்.

இரண்டு மணிக்கு நவரத்தினம் வந்தார். செருப்பைக் கழற்றினார். சுவரில் ஓட்டையைப் பார்த்தார். பச்சை வெளிச்சத்தைப் பார்த்தார்.

“ஆர் செத்தது?”

“என்ன கதை கதைக்கிறியள்?”

“விளக்கு வைச்சிருக்கு.”

அவள் சின்னவனின் விசயத்தைச் சொன்னாள். அவர் கைகழுவிவிட்டு வந்து சோற்றுக்கு முன்னால் இருந்தார். இரண்டு கவளம் சாப்பிட்டார்.

“உமக்குப் பிள்ளை தேவையில்லைப் போல. படமே போதும்.”

அன்றிலிருந்து, பின்னேரம் ஏழு மணிக்குப் போன் பாடத் தொடங்கினால் நவரத்தினம் எழும்பிக் குளியலறைக்குள் போய்விடுவார். கவிழ்த்துவைத்த வாளியில் இருப்பார். கதவுக்குள்ளிருந்து இருமல் கேட்கும். அதுவும் வேண்டுமென்று போடுகிற இருமல்.

“அப்பா எங்கை?” என்று சயந்தன் கேட்பான்.

“பாத்றூம்.”

“எந்த நாளும் பாத்றூமோ? டொக்டரிட்டைக் காட்டினீங்களோ?”

உள்ளே நவரத்தினத்துக்கு அது தேன். “சந்தேகம் வந்திட்டுது,” என்பார் வெளியே வந்து. “என்னைப் பாக்கவேணுமெண்டா பிளேன் ஏறட்டும்.”

சின்னவன் மூன்றாம் நாளே ஒட்டிவிட்டான். “அப்பம்மா” என்று கூப்பிட்டுத் தன் கார்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கண்ணாடியில் முட்டினான். அருந்ததிக்கு ஏழு மணிக்கு முன்னால் இருந்த பகல் முழுவதும் வெறும் காத்திருப்பாகப் போனது. தனக்கு மட்டும் கிடைப்பதில் ஒரு பெருமையும் வந்தது. வாளியில் இருக்கிறவர் இருக்கட்டும்.

ஒருநாள் நவரத்தினம் கட்டிலில் சாய்ந்தபடியே நித்திரையாகிவிட்டார். போன் பாடியது அவருக்குக் கேட்கவில்லை. “அப்பாக்கு ஏதோ செய்யுது, நீங்கள் மறைக்கிறீங்கள்,” என்று சயந்தன் சத்தம் போட்டான். மறைக்கவில்லை என்று காட்ட, அவள் போனைக் கதவு இடுக்கால் நீட்டினாள்.

“இஞ்சை வரைக்கும் குறட்டை கேக்குது,” என்று சயந்தன் சிரித்தான். “ஆள் கொழுத்தெல்லோ இருக்கிறார். நான் என்னவோ ஏதோ எண்டு பயந்துபோனன்.”

அடுத்த நாள், நவரத்தினம் வெளியே போயிருந்த நேரம், அவன் சொன்னான்: இந்தமுறை வரவில்லை. வீட்டின் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஊறுகிறதாம். இப்போதே ரத்துச் செய்தால்தான் டிக்கெட் காசு திரும்ப வருமாம்.

“எந்த நாளும் பாக்கிறம்தானே அம்மா. இதைவிட வந்து என்ன செய்யப்போறம்? அப்பாவுக்குச் சொல்லிவிடுங்கோ.”

“ஓம்,” என்றாள் அருந்ததி.

சொல்லவில்லை. அன்றைக்குப் பார்த்து நவரத்தினம் பின்னறைக்குப் பெயின்ட் அடிக்க ஆள் பேசிவிட்டு வந்திருந்தார். வந்தவன் மட்டக்குளி ஒஸ்வால்ட். பல்லில்லாதவன், வாயாடி.

“என்ன ஐயா, உங்களுக்குக் கலியாணமோ?”

“என்ர பேரன் வாறான்ராப்பா. கனடாக்காரன். குறை சொல்லாத மாதிரி அடி.”

“அடிக்கிறதை அடிப்பன். அவங்கள் வெள்ளைக்காரனுக்கே குறை சொல்லுறவங்கள்.”

நவரத்தினம் மார்க்கெட்டுக்கு நடந்துபோய் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கதிரை வாங்கினார். கொமட்டில் பிள்ளை இருக்கிற வளையம் வாங்கினார். நுளம்புவலைக்கு ஆணி அடிக்க ஏணியில் ஏறினார். அருந்ததி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலேயிருந்து, “நேராய் இருக்கோ?” என்று கேட்டார். “நேராய்த்தான் இருக்கு,” என்றாள்.

நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு இரவும் நினைத்தாள். மனுசன் இவ்வளவு சந்தோசமாக இருந்து பார்த்ததில்லை, அதைக் கெடுப்பானேன் என்று தனக்கே நியாயம் சொன்னாள். அது பாதி நியாயம். இத்தனை வருசம் பிள்ளையின் முகத்தைத் தனக்குக் காட்டாமல் வைத்திருந்த மனுசன், இல்லாத வரவுக்கு வியர்த்து வழிய ஓடித்திரிவதைப் பார்ப்பதில் ஒரு ருசி இருந்தது. அதையும் அவள் தேத்தண்ணியோடு சேர்த்துக் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் காய்ந்தது. இளநீலம். நவரத்தினம் முகம் வழித்தார். கலியாண வீட்டுக்குப் போடுகிற சேர்ட்டைப் போட்டார்.

“இஞ்சேரும். அந்தச் சாமானை எடும். அறையை அவனுக்குக் காட்டப் போறன்.”

“நீங்களோ? நீங்கள்தானே முகம் காட்டமாட்டன் எண்டனீங்கள்.”

“அதுதான் வரப்போறாங்களே. இனிக் காட்டினால் என்ன? கழுத்து நீட்டின ஆட்டுக்குக் குழை காட்டிறதில பிழையில்லை.”

“லைன் இல்லை இண்டைக்கு.”

அவர் சுவரைப் பார்த்தார். பச்சை எரிந்தது. அவர் வாய் திறக்குமுன் போன் பாடியது. சுடுசட்டியைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் எடுத்தார்.

“அட! அப்பா!” என்று சயந்தன் கத்தினான். “கடைசியில முகத்தைக் காட்டிட்டார்! சின்னவன், ஓடி வா, அப்பப்பா!”

நவரத்தினம் வெட்கப்பட்டுச் சிரித்தார். நாற்பது வருசத்தில் அருந்ததி காணாத சிரிப்பு. போனை ஏந்திக்கொண்டு பின்னறைக்குள் நடந்தார்.

“இது சுவர். இது கட்டில், நீங்கள் ரெண்டு பேருக்கும். இது அவன்ர கதிரை. நல்ல உரம், நான் இருந்து பாத்தனான். வலை ஆணியும் அடிச்சாச்சு.”

சயந்தன் திரும்பி மனைவியைப் பார்த்தான்.

“என்ன, நிறம் பிடிக்கேல்லையோ?”

“அப்பா… அம்மா சொல்லேல்லையோ?”

“என்னத்தை?”

“நாங்கள் இந்தமுறை வரேல்லை. ரெண்டு கிழமைக்கு முந்தியே சொன்னனான்.” அவன் தொண்டையைச் செருமினான். “ஆனா றூம் நல்ல வடிவா வந்திருக்கு. மற்றச் சுவரையும் காட்டுங்கோ.”

நவரத்தினம் திரும்பினார். அருந்ததி கதவடியில் நின்றாள். அவர் நெருங்கி வந்து, போனை அவளுடைய முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் பிடித்தார். அவள் கையால் முகத்தை மூடினாள். அவர் மற்றக் கையால் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

“இஞ்சை பார் ராசா. கொம்மா. அழுறா. கிளியரோ? கிட்டக் கொண்டுவரட்டோ?”

“அப்பா, வேண்டாம். நான் வைக்கிறன்.”

“வையாத. காசு கட்டின லைன். இது நரை. இது பல்லு, மேல்வரிசை கட்டினது. இது பங்குனியில படியில விழுந்து வெடிச்ச நெத்தி. உனக்கு இவ சொல்லேல்லை. நீ வந்து தொட்டுப் பாப்பாயெண்டு தழும்பைக் காவிக்கொண்டு திரிஞ்சவ. பாத்தாச்சோ? வடிவாப் பார். பாத்தவன் வரத் தேவையில்லை.”

“என்னை விடுங்கோப்பா,” என்றாள் அருந்ததி.

“நானோ பிடிச்சனான்? நீர்தானே காட்ட ஆசைப்பட்டனீர்.”

சின்னவன் இதற்குள் தகப்பனை இடித்துக்கொண்டு வந்து கண்ணாடி நிறைய நின்றான். அப்பம்மா கையால் முகத்தை மூடியதையும், அப்பப்பா அதை விலக்கியதையும் பார்த்திருந்தான். தானும் இரண்டு கையாலும் முகத்தை மூடினான். திறந்தான். கெக்கட்டமிட்டுச் சிரித்தான். திரும்ப மூடினான். திறந்து, அவள் என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

அருந்ததி சிரித்தாள்.

“பார்,” என்றார் நவரத்தினம், போனை ஆட்டாமல் பிடித்தபடி. “சிரிக்கவும் செய்யுது.”

அடுத்த நாள் திங்கட்கிழமை. பத்து மணியிலிருந்து தண்ணி வெட்டு என்று சொல்லியிருந்ததால் அருந்ததி விடிய எழும்பி வாளிகளை நிரப்பினாள். நவரத்தினம் பாணும் பேப்பரும் வாங்கி வந்தார். பேப்பரில் மரண அறிவித்தல்களை வாசித்தார். பின்னறையை வாடகைக்குக் கொடுக்க ஒரு புரோக்கருக்குச் சொன்னார். பொம்பிளைப் பிள்ளையெண்டால் நல்லது, சமையல் வசதி இல்லை என்றார். பின்னேரம் மழை தூறி விட்டது. ஏழு மணிக்குப் போன் பாடியது. அவர் கதிரையைவிட்டு எழும்பவில்லை. அருந்ததி எடுத்தாள். முதல் நாள் நடந்ததை ஒருவரும் கதைக்கவில்லை. என்ன சமையல் என்று சயந்தன் கேட்டான். பாரை மீன் குழம்பு, வெண்டிக்காய்ப் பால்கறி என்றாள். காட்டச் சொன்னான். அவள் குசினிக்குள் போய்ச் சட்டி மூடியைத் திறந்து காட்டினாள்.