படியில்லாத கோயில்

மலை ஏறுறப்போ தெரியல. மறுநாள் காலையில கட்டில்லேர்ந்து கால கீழ வச்சப்போதான் தெரிஞ்சுது. கெண்டைக்கால் ரெண்டும் கல்லாட்டம் இறுகிக் கெடக்குது. சுவத்தப் புடிச்சிக்கினு பாத்ரூம் வரைக்கும் போனேன். நாப்பது தாண்டின ஒடம்பு செஞ்சிக் கோட்டை ஏறினா வேற என்னாவும்? நல்லா வலிக்கட்டும்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். ஏன்னா நான் கோட்டைக்குப் போறேன்னு வீட்ல சொல்லல. மேல்மலையனூர் கோயிலுக்குன்னு சொல்லிட்டுப் போயிருந்தேன்.

காலேஜ்ல கூடப் படிச்ச சிநேகிதிங்க ரெண்டு பேரு. ஒருத்தி சென்னையில பேங்க்ல இருக்கறா. இன்னொருத்தி விழுப்புரத்துல டீச்சர். நான் திண்டிவனத்துல வீடு, வீட்டுக்காரர், மாமியாருன்னு இருக்கறவ. "ஒரே ஒரு நாளுடி, புருஷன் புள்ள இல்லாம நாம மட்டும் ஊரு சுத்தலாம்"னு சென்னைக்காரி லீவு போட்டு கார எடுத்துக்கினு வந்துட்டா. செஞ்சி மலை ஏறணும், வயிறு முட்ட சாப்புடணும், விழுப்புரத்துல போய் ஐஸ்க்ரீம் துன்னுட்டு டவுன ஒரு சுத்து சுத்தணும். இதுதான் பிளான்.

ஊரு சுத்தப் போறேன்னு கேட்டா எங்க வீட்ல நடக்குமா? அதுவும் அத்தைக்கு ரெண்டு நாள்ல கண்ணு ஆபரேஷன வச்சிக்கினு! மாமியாரத்தான் நான் அத்தன்னு கூப்புடுவேன். அவங்களுக்கு ஒரு கண்ணு ஏற்கெனவே கெடையாது. கல்யாணத்துக்கு முன்னாடியே மல்லாட்டைக் கொல்லையில கடல புடுங்கறப்போ குச்சி குத்திப் போயிடுச்சாம். மிச்சம் இருக்கற ஒத்தக் கண்ணுலதான் இப்போ புரை. "இதுவும் போயிட்டா நான் என்னாம்மா பண்ணுவேன்"னு சோத்துத் தட்டு முன்னாடி ஒக்காந்துக்கினு கேப்பாங்க. அந்த நேரத்துல மலை ஏறப் போறேன்னு எந்த வாயால சொல்றது? அதனால கோயில்னு சொன்னேன். முழுப் பொய்யும் இல்லீங்க. செஞ்சியத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனா மேல்மலையனூரு. மலைய எறங்கி அப்படியே சாமியும் கும்பிட்டுட்டு வந்துடலாம்னுதான் நெனச்சேன்.

கோயிலு பேரு காதுல விழுந்ததும் அத்த எழுந்து தடவிக்கினே உள்ள போனாங்க. மஞ்சத்துணி முடிச்சு ஒண்ணு கொண்டாந்தாங்க. உள்ள கண்மலர். வெள்ளித் தகட்டுல செஞ்ச ரெண்டு கண்ணு. கண்ணுல கோளாறுன்னா அங்காளம்மனுக்கு வேண்டிக்கினு அத உண்டியல்ல போடறது எங்க பக்கத்து வழக்கம். முடிச்ச தன் கண்ணு ரெண்டுலயும் ஒத்திக்கினு என் கையில வச்சாங்க. "ஆபரேஷனுக்கு முன்னாடி இது அம்மாகிட்ட சேந்துடணும்மா. என்னால பஸ்ல போவ முடியல. எப்படிடான்னு இருந்தேன். நல்ல வேள, நீ போறே."

ஹேண்ட்பேக்ல போட்டு ஜிப்ப இழுத்தேன். அதோட சரி.

ராஜகிரி மலையில நாங்க அடிச்ச கூத்து இருக்கே! டீச்சர் நாலு படி ஏறுவா, ஒக்காந்துக்குவா. "ஏய், என்ன இங்கயே பொதச்சிட்டுப் போங்கடி"ன்னு கத்துவா. சென்னைக்காரி பையில இருந்த கடலமிட்டாய கொரங்கு புடுங்கிக்கினு ஓடுச்சு, அதுகிட்ட நின்னுக்கினு நியாயம் பேசறா அவ. உச்சிக்குக் கிட்ட பாறைக்கும் பாறைக்கும் நடுவுல ஒரு பாலம். கீழ பாத்தா தலை சுத்துது. மூணு பேரும் கையக் கோத்துக்கினு ஓ-ன்னு கத்திக்கினே தாண்டினோம். மேல போயி நின்னா, அப்பா, என்னா காத்து! ஏரி, வயலு, ரோடு எல்லாம் சின்னச் சின்னதா கீழ கெடக்குது. பொறந்ததுலேர்ந்து பஸ்ல போறப்போ வர்றப்போ அண்ணாந்து பாத்த மலை. அது மேல நான் நிக்கறேன். அந்த நேரத்துல எனக்கு அத்தையும் இல்ல, ஆபரேஷனும் இல்ல. அதான் நெசம்.

எறங்கி வர்றதுக்குள்ள பசி காத அடைக்குது. ரோட்டு மேலயே ஒரு கடை, தம் ஒடச்ச வாசன. எங்க யோசிச்சோம்? இலை போட்டான், மட்டன் பிரியாணிய வச்சான், தாளிச்சாவ ஊத்தினான். பாதி துன்னுட்டேன். கை தொடைக்க ஹேண்ட்பேக்ல கைக்குட்டை தேடினப்போ மஞ்சத்துணி வெரல்ல தட்டுப்பட்டுது.

"ஐயையோ, கோயிலுக்குப் போவணும்டி!"ன்னேன்.

"கறி துன்னுட்டா?"ன்னா டீச்சர்.

"ஆடு கோழி பலி வாங்கற சாமிதானே, ஒண்ணும் சொல்லாது"ன்னா சென்னைக்காரி.

"அவ வாங்குவாடி. அதுக்காக நாம துன்னுட்டுப் போயி நிக்க முடியுமா?" வீட்ல கருவாடு சமைச்ச அன்னைக்கே சாமி ரூம் பக்கம் போவாத ஒடம்பு என்னுது. இலையில மீதிப் பிரியாணி ஆறிக்கினு இருந்துது. அதையும் நான் சாப்புட்டேன். அத நெனச்சாதான் இன்னைக்கும் கூசுது.

விழுப்புரத்துல ஐஸ்க்ரீம் எறங்கவே இல்ல. திரும்பி வர்ற வழியில திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல ஒரு பொட்டிக் கடையில குங்குமப் பாக்கெட் வாங்கினேன். ஒரு பேப்பர்ல கொட்டி மடிச்சேன். வீட்டுக்குள்ள நொழையறேன், வாசல்லயே ஒக்காந்திருக்காங்க.

"போட்டியாம்மா?"

"போட்டுட்டேன் அத்த."

"அம்மா எப்படி இருந்தா?"

"நல்ல அலங்காரம், அத்த."

நெத்தியக் காட்டினாங்க. கண்ண மூடிக்கினு, கழுத்த நீட்டி, பச்சப் புள்ளையாட்டம். கடைக் குங்குமத்த நானே வச்சேன். மனுஷியா நான்?

அடுத்த நாளு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அத்த என் தோளப் புடிச்சிக்கினுதான் நடப்பாங்க. பஸ்ல ஏற ஒரு படி, எறங்க ஒரு படி, ஆஸ்பத்திரியில வரிசையா படி. ஒவ்வொண்ணுக்கும் என் காலு உயிர வாங்குது, வாயிலேர்ந்து ஸ்ஸ்-னு வந்துடுது. "என்னாம்மா?"ன்னாங்க. "ஒண்ணுமில்ல அத்த"ன்னேன். அப்புறம் கேக்கல.

ஆபரேஷன் அன்னைக்கு பச்ச கவுன மாட்டிவுட்டாங்க. நகை போடக் கூடாதுன்னு நர்சம்மா சொன்னதும் மூக்குத்தியக் கழட்டி என் உள்ளங்கையில வச்சாங்க அத்த. வெரல மடிச்சு மூடினாங்க. கைய எடுக்கல.

"அந்தக் கண்மலரையும் இது கூடவே பத்திரமா வச்சிக்கம்மா"ன்னாங்க, மெதுவா.

நான் குனிஞ்சி மூக்குத்தி இருந்த கையையே பாத்தேன்.

"மேல்மலையனூர்ல ஏறுறதுக்கு ஏதும்மா படி? ரெண்டு நாளா உன் தோளப் புடிச்சிக்கினுதானே நடக்கறேன்."

அதுல கோவம் இருந்திருந்தா தேவலாம். பயம்தான் இருந்துது. கால்ல உழலாம்னு குனியறதுக்குள்ள உள்ள கூட்டிக்கினு போயி கதவ மூடிட்டாங்க. வெளிய பெஞ்சில ஒக்காந்து, திரும்பத் திரும்ப அங்காளம்மனையே கூப்ட்டேன். என் மேல இருக்கற கோவத்த அந்தக் கண்ணுல காட்டாதேன்னு. வேற என்ன கேக்க எனக்கு யோக்கியதை?

மறுநாள் கட்டு பிரிச்சாங்க. டாக்டர் வெரல நீட்டினாரு, எண்ணிட்டாங்க. சுவத்துல இருந்த காலண்டர் தேதியக்கூட சொல்லிட்டாங்க. என் வீட்டுக்காரர் கண்ணு கலங்கிப் போயி நின்னாரு. பக்கத்து பெட்டுக்காரம்மா, "எந்த சாமிக்கு வேண்டினீங்க?"ன்னு கேட்டாங்க.

"மேல்மலையனூர் அம்மாவுக்குத்தான். என் மருமவதான் போயி கண்மலர் போட்டுட்டு வந்தா"ன்னாங்க அத்த.

அவரு என்னப் பெருமையா பாத்தாரு. நான் காபி வாங்கிக்கினு வர்றேன்னு பிளாஸ்க எடுத்துக்கினு ஓடிட்டேன். படியில ஒக்காந்து அழுதேன்.

அடுத்த செவ்வாக்கிழமை விடியறதுக்குள்ள தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு, பச்சத் தண்ணி பல்லுல படாம, தனியா பஸ் ஏறினேன். பஸ்ஸ வுட்டு எறங்குனதுலேர்ந்து அம்மன் முன்னாடி போறவரைக்கும் சமதரை. கண்மலர உண்டியல்ல போட்டேன். அம்மன் முகத்த நிமிந்து பாக்க முடியல. குங்குமம் வாங்கிக்கினு வந்து அத்தகிட்ட நீட்டினேன்.

கறுப்புக் கண்ணாடியத் தூக்கி அதப் பாத்தாங்க. ஒரு சிட்டிக எடுத்து மோந்தாங்க.

"கோயிலு குங்குமத்துல எலுமிச்சம்பழ வாசன இருக்கும்மா. அன்னைக்கு வச்சதுல இல்ல."

சொல்லிட்டு நெத்தியக் காட்டினாங்க. அன்னைக்குக் காட்டின மாதிரியே, கண்ண மூடிக்கினு, கழுத்த நீட்டி.