டீச்சர் வீட்டு மொட்டைமாடி

எங்கள் ஹாலில் டிவிக்கு மேலே ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. என் மகளின் நிச்சயதார்த்தத்தில் எடுத்தது. பட்டுப்புடவையில் மகள் நிற்கிறாள். காலடியில் பழுப்பு நிற மரப்பலகைத் தரை. பின்னால் கறுப்புக் கம்பித் தடுப்பு, அதில் படர்ந்த காகிதப்பூ. வீட்டுக்கு வருகிறவர்கள் மகளைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தத் தரையைத்தான் பார்க்கிறார்கள். “உங்க மாடியா சார்? சூப்பரா இருக்கே” என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது என் மாடி இல்லை. பக்கத்து வீட்டு டீச்சருடையது.

சேலையூரில் எங்கள் இரண்டு வீடுகளும் அடுத்தடுத்து இருந்தன. எனக்கு கேம்ப் ரோட்டில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர். ரிட்டயர் ஆனதும் மாடியில் பலகை போட்டார். கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போடவில்லை, என் வீட்டுப் பக்கம் நன்றாக இடைவெளி விட்டு உள்ளே தள்ளிப் போட்டார். மழைத்தண்ணீர் போகிற வழியை அடைக்காமல், தூக்கி எடுக்கிற மாதிரி சதுரம் சதுரமாகப் போட்டார். மேலே கூரை கிடையாது. போடுவதற்கு முன்பே நகராட்சி ஆபீசுக்குப் போய் என்னென்ன செய்யலாம், செய்யக்கூடாது என்று கேட்டுக்கொண்டு வந்தாராம். சொந்த மாடியில் உட்காரப் போய் அனுமதி கேட்கிற ஆளை நான் அப்போதுதான் பார்த்தேன். சிரித்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு ஜெபக் கூட்டம் முடிந்து அங்கே பத்துப் பேர் காப்பி குடிக்கும்போது என் மனைவியும் மகளும் அவர்களோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய சிரிப்புச் சத்தம் என் வீட்டு ஹால் வரைக்கும் கேட்கும். என் பெண்டாட்டி என் மாடியில் அப்படி ஒரு நாள் சிரித்ததில்லை. துணி காயப்போடப் போவாள், திட்டிக்கொண்டே இறங்குவாள்.

மகளுக்கு வரன் முடிந்ததும் நான் முடிவு செய்துவிட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த வீட்டைக் கட்டும்வரை வாடகை வீட்டில் இருந்தவன் நான். வீட்டுக்காரர்களின் அனுமதி கேட்டுத்தான் மகளின் பிறந்தநாளுக்கு பலூன்கூடக் கட்டியிருக்கிறேன். நிச்சயதார்த்தம் என் வீட்டு மாடியில்தான் என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். டீச்சர் மாடியை விடப் பெரிதாக, வெயில் மழை படாமல், மாடி முழுக்க மூடித் தகர ஷீட் போடுவது என்று திட்டம். வெல்டரிடம் கேட்டேன், பர்மிஷன் ஏதாவது வாங்கணுமா என்று.

“இன்னா சார் நீ, ஷீட்டுக்குப் போய் பர்மிசனா? தெரு ஃபுல்லா போட்டுக்கினுதான கீறாங்க? கான்கிரீட்டா ஊத்தப் போற?”

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் நினைப்பது அதுதான்: சிமெண்ட் இல்லாவிட்டால் அது கட்டடமே இல்லை. நாலு மூலையிலும் இரும்புத் தூண் நிறுத்தினோம். டீச்சர் அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

“அண்ணா, மேல மூடினா அதையும் ஒரு மாடின்னு கணக்கு எடுத்துப்பாங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்களேன்.”

“உங்களுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா டீச்சர்? நீங்க வேலையப் பாருங்க.”

ஷீட்டைச் சுவர் தாண்டி இரண்டடி வெளியே நீட்டினோம், சாரல் அடிக்கக்கூடாது என்று. மழை பெய்தபோது அத்தனை தண்ணீரும் டீச்சர் காம்பவுண்டில் கொட்டியது. அவர் துடைப்பத்தால் அதைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நகராட்சி அதிகாரி ஒருவர் வந்து நின்றார்.

“கான்கிரீட்டா, ஷீட்டான்னு ரூல் கேக்காது சார். மூடியிருக்கா, தொறந்திருக்கா, அவ்வளவுதான். நீங்க ஏற்கெனவே முழு அளவுக்குக் கட்டிட்டீங்க. இதுக்கு மேல ஒரு மாடி வராது. பக்கத்துல விட வேண்டிய இடத்துலயும் நீட்டியிருக்கீங்க.”

“அப்ப அந்த மாடி?” என்று டீச்சர் வீட்டைக் காட்டினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். “அங்க வானம் தெரியுதே சார்” என்றார்.

ஷீட்டைக் கழற்றினோம். தூண்கள் மட்டும் நின்றன. கூரை போட்டதும் டைல்ஸ் ஒட்டலாம் என்று தரையைக் குத்திக் கிளறி வைத்திருந்தேன், ஒரு நாற்காலிகூட நேராக நிற்காது. முகூர்த்த மாதம், எந்த மண்டபமும் காலி இல்லை. புகார் கொடுத்தது டீச்சர்தான் என்று நான் கத்தினேன். உண்மையில் யார் கொடுத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மனைவி சொன்னாள், “கத்தினது போதும். வாய மூடிக்கிட்டுப் போய் அவங்க மாடியக் கேளுங்க. இல்லன்னா நான் கேக்குறேன்.” நான் போகவில்லை. அவள்தான் போனாள். போன வேகத்தில் திரும்பினாள். கேட்டு முடிப்பதற்குள்ளேயே சரி என்று சொல்லிவிட்டாராம்.

நிச்சயதார்த்தத்தன்று சாயங்காலம் நல்ல காற்று. மாப்பிள்ளையின் பெரியப்பா பலகைத் தரையில் நடந்து பார்த்துவிட்டு என் தோளில் கை போட்டார். “சம்பந்தி, ஓட்டல் கணக்கா வச்சிருக்கீங்களே! நல்ல ரசனை உங்களுக்கு.” ஜூஸ் தட்டோடு பக்கத்தில் நின்ற டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு அவரிடம், “ஆமாங்க, அண்ணன் எல்லாத்தையும் பாத்துப் பாத்துத்தான் செய்வாங்க” என்றார்.

எல்லாரும் அதைப் பெருந்தன்மை என்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. மாடியும் அவருடையது, சட்டமும் அவர் பக்கம், கடைசியில் நல்ல மனசும் அவருக்கேதானா? என் மகள் விசேஷத்தில் எனக்கென்று ஒன்றாவது மிச்சம் வைத்திருக்கலாம். “இது என் மாடி” என்று அவர் சொல்லியிருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

டீச்சர் பிறகு வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய்விட்டார். வாங்கியவர் இடித்தார். இப்போது அங்கே ஃப்ளாட். அதன் மொட்டைமாடிக்குப் பூட்டு. ஒருத்தரும் ஏறுவதில்லை. பலகைகளை ஒரு வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனபோது எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து வாசலில் வந்து நின்றேன். இருக்கவில்லை. அந்த மாடி இல்லாமல் போயும் என் பொறாமை போகவில்லை.

போன வாரம் அந்த ஃப்ளாட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் தண்ணி லாரிக்காரர் நம்பர் கேட்டு வந்தார். போட்டோவைப் பார்த்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“உங்க மாடியா சார்?”

நான் எழுந்து போட்டோவின் அருகே போனேன். மகள் தோளுக்கு மேலே, காகிதப்பூவுக்கும் பின்னால், வானத்தைப் பார்த்து நாலு இரும்புத் தூண்கள் வெறுமனே நிற்கும். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

“இல்ல. இது உங்க இடம்” என்றேன். தூண்கள் மேல் விரலை வைத்தேன். “என்னோடது இதுதான்.”